கேட்ட வீட்டுக்கு மட்டும்

ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் வட்டாரத் தாமான்களில் அடிக்கடி நடக்கும் சங்கதி இது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஒருநாள் நல்ல ரௌட்டர் ஒன்றை வாங்கி வருகிறார். இணைய நிறுவனம் கொடுத்த பழைய ரௌட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறார். மாடி அறை முதல் பின்கட்டுச் சமையலறை வரை வைஃபை நன்றாகக் கிடைக்கிறது. தம்பியின் விளையாட்டு தடங்காமல் ஓடுகிறது. அம்மாவின் கைப்பேசியில் வீடியோ அழைப்பு தெளிவாக வருகிறது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு மட்டும் தொலைக்காட்சி கறுப்பாகக் கிடக்கிறது.

"இன்டர்நெட்டு இவ்வளவு வேகமா ஓடுதே, டிவி மட்டும் ஏன்டா வரல?" என்கிறார் பாட்டி.

நியாயமான கேள்வி. வேகம் கூடியும் படம் வரவில்லை என்றால், அந்தப் படம் வரும் வழி வேறு என்று பொருள். அந்த வழிக்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். தமிழில் குழுப்பரப்பு என்று சொல்லலாம். வீட்டு ரௌட்டரிலும் சரி, அலுவலகத்தின் பெரிய ரௌட்டரிலும் சரி, இதை அமைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இந்த வாரம் அதைப் பார்ப்போம். முதல் பாதி குடும்பத்தினருக்கு. பின்பாதி நெட்வொர்க் துறையில் இருக்கும், நுழையப்போகும் இளையோருக்கு.

பேப்பர் முகவர் செய்யும் வேலை

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த நாளிதழையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் அச்சாகும் ஒரு நாளிதழை ஜொகூர் வாசகர்களிடம் சேர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஒவ்வொரு வாசகருக்கும் தனித்தனி வண்டி. ஆயிரம் வாசகர் என்றால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயிரம் வண்டி. இணையத்தில் இதற்கு யூனிகாஸ்ட் என்று பெயர். நாம் மின்னஞ்சல் படிப்பதும் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் இப்படித்தான்.

இரண்டாம் வழி, கேட்டவர் கேட்காதவர் பாராமல் எல்லா வீட்டு வாசலிலும் பேப்பரைப் போட்டுவிட்டுப் போவது. இது பிராட்காஸ்ட். தெருவே குப்பையாகிவிடும்.

மூன்றாம் வழியே நாம் பேசப்போவது. வாசகர் தம் தெரு முகவரிடம் "எனக்குப் பேப்பர் போடுங்கள்" என்று சொல்கிறார். தெரு முகவர் ஊர் முகவரிடம் சொல்கிறார். ஊர் முகவர் வட்டார முகவரிடம் சொல்கிறார். சொல் இப்படிக் கீழிருந்து மேலே ஏறி அச்சகம் வரை போகிறது. பேப்பர் அதே வழியில் மேலிருந்து கீழே இறங்குகிறது. மல்டிகாஸ்டில் இன்னொரு வசதியும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே ஒரு பிரதிதான் பயணம் செய்யும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மட்டும் ரௌட்டர் அதை இரண்டாகப் படியெடுக்கும். சிகாமட்டில் கேட்டவர் யாரும் இல்லை என்றால் சிகாமட் பக்கம் எதுவும் போகாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாதையைப் போடுவது அனுப்புகிறவர் அல்லர். கேட்கிறவரின் கோரிக்கைதான் பாதையைப் போடுகிறது. கேட்பவர் இல்லையென்றால் பாதையும் இல்லை. மல்டிகாஸ்டில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தக் கோரிக்கை நடுவழியில் எங்கோ நின்றுபோவதால் வருபவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

இந்த யோசனையை வடிவமைத்தவர் ஸ்டீவ் டீரிங். அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது செய்தார். 1989இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1112 என்னும் ஆவணம் இதன் அடிப்படை. 224 முதல் 239 வரையிலான எண்ணில் தொடங்கும் ஐ.பி. முகவரிகள் குழுக்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. இவை எந்தக் கணினியின் முகவரியும் அல்ல; குழுவின் பெயர் போன்றவை. 239.10.1.5 என்பது ஓர் அலைவரிசையின் பெயர் என்று வைத்துக்கொண்டால், அதைப் பார்க்க விரும்பும் பெட்டி "நான் அந்தக் குழுவில் சேர்கிறேன்" என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லும் மொழிக்கு ஐ.ஜி.எம்.பி. என்று பெயர்.

நம் வீட்டுக்கு எப்படி வருகிறது?

மலேசியாவில் டி.எம். நிறுவனம் 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியது. கூடவே ஹிப் டிவியும் வந்தது. 2018இல் அதன் பெயர் யூனிஃபை டிவி ஆனது. அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே கிள்ளான் பள்ளத்தாக்கோடு ஜொகூரின் இஸ்கந்தார் வட்டாரமும் முன்னுரிமை பெற்றது. அதனால் ஜொகூர் பாரு சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு இணையக் கம்பி வழியே தொலைக்காட்சி பார்ப்பது பழகிய விஷயம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஜே.டி.தி. ஆடும் இரவு. ஒரு தாமானில் 300 வீடுகள் அதே ஆட்டத்தைப் பார்க்கின்றன. ஓர் எச்.டி. அலைவரிசைக்கு விநாடிக்கு 8 மெகாபிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக அனுப்பினால் 2,400 மெகாபிட். பெரும்பாலான வீட்டு ஃபைபர் கட்டமைப்பில், ஒரே இழையைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இறங்குதிசை வேகமே ஏறக்குறைய 2,500 மெகாபிட்தான். மல்டிகாஸ்டில் அதே ஆட்டம் அந்தத் தாமான் வரை வர 8 மெகாபிட் போதும். 300 வீடு 3,000 வீடானாலும் அதே 8தான். ஆட்டம் பார்ப்பவர் பெருகினாலும், பக்கத்து அறையில் இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தடங்கல் வராததன் காரணம் இது.

ரிமோட்டில் எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் பெட்டி இரண்டு சொல் சொல்கிறது: "பழைய குழுவிலிருந்து விலகுகிறேன்", "புதிய குழுவில் சேர்கிறேன்". விலகல் சொல் வந்தவுடன் ரௌட்டர் "இங்கே வேறு யாருக்காவது அது வேண்டுமா?" என்று கேட்கும். விநாடிக் கணக்கில் பதில் வராவிட்டால் நிறுத்திவிடும். நல்ல பேப்பர்காரர் செய்வதும் இதைத்தானே.

புதிய ரௌட்டர் மாட்டினால் ஏன் படம் போகிறது?

ஒரே ஃபைபர் கம்பிக்குள் இணையமும் தொலைக்காட்சியும் தனித்தனிப் பாதையில் வருகின்றன. ஒரே நெடுஞ்சாலையில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு தடங்கள் போல. இதற்கு வி-லேன் என்று பெயர். யூனிஃபையில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் அமைப்பில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600. நிறுவனம் கொடுத்த ரௌட்டருக்கு இது முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கிய ரௌட்டருக்குத் தெரியாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் 500ஆம் தடத்துக்கு மட்டும் கொடுத்தால் இணையம் வந்துவிடும். 600ஐப் பற்றி யாரும் சொல்லாததால், பெட்டியின் கோரிக்கை வீட்டு வாசலைத் தாண்டாது.

செய்ய வேண்டியது இதுதான். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஐ.பி.டி.வி. என்ற பகுதியைத் தேடுங்கள். நம் நாட்டில் விற்கும் பல ரௌட்டர்களில் அந்தப் பட்டியலிலேயே யூனிஃபை என்ற தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் 500, 600 இரண்டும் தானாக நிரம்பிவிடும். பிறகு தொலைக்காட்சிக்கென்று ஒதுக்கப்பட்ட போர்ட் எது என்று திரையில் பாருங்கள். பெட்டியின் கம்பி அந்தப் போர்ட்டில்தான் இருக்க வேண்டும். எல்லா அமைப்பும் சரியாக இருந்து கம்பி மட்டும் பக்கத்துப் போர்ட்டில் மாட்டியிருந்தாலும் படம் வராது.

படம் வந்தும் தொல்லை தரலாம். அறிகுறியைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிட முடியும்.

படம் நன்றாக வந்து, நாலு நிமிடத்துக்கு மேல் ஓடி, பிறகு உறைகிறதா? அலைவரிசையை மாற்றித் திரும்பி வந்தால் மறுபடியும் அதே நேரம் ஓடி நிற்கிறதா? நடுவில் இருக்கும் சுவிட்ச் ஒன்றின் வேலையாக இருக்கலாம். சுவிட்ச் ஐ.ஜி.எம்.பி. பேச்சை ஒட்டுக்கேட்டு, யார் கேட்டார்களோ அவர்களுக்கு மட்டும் படத்தை விடும். இதற்கு ஸ்னூப்பிங் என்று பெயர். நல்ல வசதிதான். ஆனால் "இன்னும் வேண்டுமா?" என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேட்க ஒருவர் இருக்க வேண்டும். அவர் குவெரியர். கேட்க ஆளில்லை என்றால் பெட்டியும் பதில் சொல்லாது. வழக்கமான கணக்கில் 260 விநாடி, அதாவது 4 நிமிடம் 20 விநாடி கழிந்ததும் சுவிட்ச் அந்த வீட்டுக்காரர் போய்விட்டார் என்று முடிவுகட்டிப் படத்தை நிறுத்திவிடும். குவெரியரை இயக்கினால் தீர்ந்தது. வீட்டில் அந்த வசதி இல்லாவிட்டால், பெட்டியை இடையில் சுவிட்ச் இல்லாமல் நேராக ரௌட்டரில் மாட்டிப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை: தொலைக்காட்சியைப் போட்டால் வைஃபை படுத்துவிடுகிறது. அணைத்தால் எழுந்துவிடுகிறது. இங்கே ஸ்னூப்பிங் இல்லாமல் மல்டிகாஸ்ட் வீடெங்கும் வழிகிறது. கம்பியில் அது பெரிய பாரமில்லை. வைஃபையில் பெரும் பாரம். காரணம், வைஃபை ஒரு குழுவுக்கு அனுப்பும்போது, எங்கோ மூலையில் இருக்கும் பலவீனமான கருவிக்கும் கேட்க வேண்டும் என்று மிகக் குறைந்த வேகத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசும். விநாடிக்கு 6 மெகாபிட், சில ரௌட்டர்களில் வெறும் 1 மெகாபிட். அந்த வேகத்தில் 8 மெகாபிட் படத்தைத் திணித்தால் காற்றில் வேறு எதற்கும் இடமிருக்காது. ரௌட்டரில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கை இயக்குங்கள். மல்டிகாஸ்டை வைஃபைக்காக யூனிகாஸ்டாக மாற்றும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

மூன்றாவது, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் வைஃபையில் இணைந்த கைப்பேசிக்கு வீட்டு அச்சுப்பொறியோ தொலைக்காட்சியோ தெரிவதில்லை. இது பழுது அல்ல. கருவிகள் ஒன்றையொன்று தேடுவதும் மல்டிகாஸ்டில்தான், பெரும்பாலும் 224.0.0.251 என்ற முகவரியில். 224.0.0 என்று தொடங்குபவை ஒரே வலைக்குள் மட்டும் பேசப்படும் பேச்சு. ரௌட்டர் அதை அடுத்த வலைக்குக் கடத்தாது. விருந்தாளி வலை தனி வலை. தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. நிறுவனம் கொடுத்த பழைய ரௌட்டரைத் தூக்கி எறியாதீர்கள். அமைப்புப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கழற்றுங்கள்.

யூடியூப் ஏன் இப்படி வருவதில்லை?

இவ்வளவு சிக்கனமான வழி இருக்கும்போது யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் ஏன் ஆளுக்கொரு வண்டி விடுகின்றன? இரண்டு காரணங்கள். நாம் அவற்றை ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. ஒருவர் தொடக்கத்தில் இருப்பார், ஒருவர் நடுவில் நிறுத்தித் தேநீர் போடப் போயிருப்பார். குழுவாகப் பார்க்காதவர்களுக்குக் குழுப்பரப்பு உதவாது. அடுத்தது, பொது இணையத்தில் பல நிறுவனங்களின் வலைகளைத் தாண்ட வேண்டும். கோரிக்கைகளை நினைவில் வைக்கும் சுமை வழியில் உள்ள ஒவ்வொரு ரௌட்டருக்கும் உண்டு. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் குழுவில் குப்பையைக் கொட்டினாலும் அது அத்தனை பேருக்கும் போகும்.

1992இல் எம்போன் என்ற பெயரில் உலகளாவிய சோதனை வலை தொடங்கியது. இணையப் பொறியாளர் மாநாட்டின் ஒலியைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. ஆனாலும் அது பொதுமக்களின் வீடுவரை வளரவில்லை. ஆகவே இன்று மல்டிகாஸ்ட் வாழும் இடங்கள், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் வலைகள்: தொலைக்காட்சி தரும் இணைய நிறுவனம், தொழிற்சாலை, மருத்துவமனை, விமான நிலையத்தின் கண்காணிப்புக் கேமராக்கள், பங்குச் சந்தை.

மும்பை சொன்ன பாடம்

பங்குச் சந்தை என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும். மல்டிகாஸ்ட் சிக்கனத்துக்கு மட்டுமா என்று கேட்பவர்களுக்கு மும்பையில் பதில் இருக்கிறது.

இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை 2009இல் தரகர்களின் கணினிகளைத் தன் வளாகத்துக்குள்ளேயே வைக்க இடம் கொடுத்தது. ஒவ்வொரு வாங்கல் விற்றல் ஆணையும் நொடிக்கு நொடி அந்தக் கணினிகளுக்கு அனுப்பப்பட்டது. 2010 முதல் 2014 வரை அந்தத் தகவல் போனது யூனிகாஸ்ட் வழியில், டி.சி.பி. முறையில். ஒரே செய்தியை வரிசையாக ஒருவர்பின் ஒருவருக்குக் கொடுப்பது அதன் இயல்பு. காலையில் யார் முதலில் இணைந்தாரோ அவருக்கு முதலில் கிடைக்கும். வித்தியாசம் நொடியில் மிகச் சிறு பங்கு. கணினி வணிகம் செய்யும் இடத்தில் அந்தச் சிறு பங்கே பணம். சிலர் இதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள் என்று 2015இல் புகார் எழுந்தது.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, 2019 ஏப்ரல் 30 அன்று, ரூ.624.89 கோடியை 12 விழுக்காடு வட்டியோடு செலுத்தும்படி சந்தைக்கு ஆணையிட்டது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆனால் சந்தை போதிய கவனத்தோடு நடக்கவில்லை என்று கூறி, முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு ரூ.100 கோடி கட்டச் சொன்னது. தரகரோடு கூட்டுச் சேர்ந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2024 செப்டம்பரில் செபியே அந்த வழக்கை முடித்தது.

யார்மீது தவறு என்பது நீதிமன்றங்களின் வேலை. நமக்கு வேண்டியது தொழில்நுட்பப் பாடம். சந்தை பின்னர் மல்டிகாஸ்டுக்கு மாறியது. அங்கே சந்தை ஒரே ஒரு பிரதியை விடுகிறது. சுவிட்ச் அதை எல்லா வாசலுக்கும் படியெடுக்கிறது. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசையே இல்லை. ரௌட்டரில் எந்த முறையைத் தேர்கிறோம் என்பது பொறியாளர் தனியாக எடுக்கும் சின்ன முடிவு போலத் தோன்றும். பந்தியில் யாருக்கு முதல் இலை என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இளையோருக்கு: அலுவலக ரௌட்டரில் ஐந்து படி

ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். தலைமையகம் கோலாலம்பூரில், ஆலை பாசிர் கூடாங்கில். தலைமையகத்திலிருந்து காலைக் கூட்டத்தின் வீடியோவை ஆலையின் ஐம்பது திரைகளுக்கு அனுப்ப வேண்டும். சிஸ்கோ ரௌட்டர் என்றால் வேலை இப்படிப் போகும். மற்ற நிறுவனக் கருவிகளிலும் கட்டளைதான் மாறும், கருத்து மாறாது.

ஒன்று, முகவரி. அலுவலகத்துக்குள் புழங்க 239 என்று தொடங்கும் முகவரிகளைத் தேருங்கள்; அவை அமைப்புகளின் உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. 239.0.0, 239.128.0 என்று தொடங்குபவற்றைத் தவிருங்கள். 32 குழு முகவரிகளுக்கு ஒரே ஈதர்நெட் முகவரி என்பதால், இவை 224.0.0 என்ற ஒதுக்கப்பட்ட முகவரிகளோடு மோதும். சுவிட்ச் அவற்றை எல்லா வாசலுக்கும் வாரி இறைக்கும்.

இரண்டு, ரௌட்டரில் 'ஐபி மல்டிகாஸ்ட்-ரௌட்டிங்' என்ற கட்டளை. இது இல்லாமல் எதுவும் நடக்காது.

மூன்று, பாதையில் உள்ள ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் 'ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட்'. பிம் என்பது முகவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி. திரைகள் இருக்கும் பக்கம், மூலம் இருக்கும் பக்கம், நடுவில் உள்ள எல்லாக் கண்ணிகளும். ஒன்றை விட்டாலும் சங்கிலி அறும்.

நான்கு, சந்திப்புப் புள்ளி. பாசிர் கூடாங் ரௌட்டருக்கு வீடியோவின் மூலம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. பேப்பர் முகவருக்கு அச்சகம் தெரியாமல் வட்டாரக் கிடங்கு மட்டும் தெரிந்திருப்பது போல, எல்லா ரௌட்டருக்கும் ஒரே ஆர்.பி. முகவரியைச் சொல்லி வைக்கிறோம். கேட்பவரும் அனுப்புபவரும் அங்கே சந்திக்கிறார்கள். அதன்பின் கிடங்கைவிட நேர்வழி இருந்தால் ரௌட்டர் தானாக அதற்கு மாறிக்கொள்ளும். மூலத்தின் முகவரி முன்பே தெரியும் என்றால் இந்தப் புள்ளியே வேண்டாம். 232 என்று தொடங்கும் முகவரியும் ஐ.ஜி.எம்.பி. மூன்றாம் பதிப்பும் இருந்தால், "இந்தக் குழு, இந்த மூலத்திலிருந்து மட்டும்" என்று கேட்கலாம். இதுவே எஸ்.எஸ்.எம். புதிதாகக் கட்டும் வலைகளுக்கு இது எளிது, பாதுகாப்பும் கூடுதல்.

ஐந்து, ஆலையின் சுவிட்சுகளில் ஸ்னூப்பிங். கூடவே ஒரு குவெரியர். பிம் இயங்கும் ரௌட்டர் அதே வலையில் இருந்தால் அதுவே குவெரியராகவும் நிற்கும்.

இத்தனையும் செய்தும் படம் வரவில்லையா? அனுபவசாலிகளையும் திணறடிப்பது தலைகீழ்ப் பாதைச் சோதனை. ஆர்.பி.எஃப். என்பார்கள். சாதாரணமாக ரௌட்டர் ஒரு தரவுப் பொட்டலத்தைப் பார்த்து "எங்கே போகிறாய்?" என்று கேட்கும். மல்டிகாஸ்டில் "எங்கிருந்து வருகிறாய்?" என்றும் கேட்கும். மூலத்துக்குத் திரும்பிப் போக எந்த வாசல் நல்ல வழியோ, அதே வாசலில்தான் பொட்டலம் வந்திருக்க வேண்டும். வேறு வாசலில் வந்தால் அங்கேயே கொட்டிவிடும். கண்டிப்பு அதிகம் என்று தோன்றலாம். ஆனால் பாதையில் வட்டம் விழுந்தால் மல்டிகாஸ்ட் பொட்டலம் சுற்றுவதோடு நில்லாது. ஒவ்வொரு சுற்றிலும் படி எடுத்துப் பெருகும். நிமிடத்தில் வலை படுத்துவிடும். அதைத் தடுக்கும் காவல் இது.

ஆலைக்கு இரண்டு இணைப்புகள் இருந்து, ரௌட்டரின் பாதை அட்டவணை முதல் இணைப்பைச் சொல்ல, பிம் இரண்டாவதில் மட்டும் இயக்கப்பட்டிருந்தால் படம் வராது. பிங் போகும், கோப்பு இறங்கும், எல்லாம் நலம் போலத் தெரியும். 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' என்று மூலத்தின் முகவரியோடு கேட்டால் ஒரே வரியில் உண்மை வெளிவரும்.

இன்னொரு சின்னப் பொறி டி.டி.எல். பல மென்பொருள்கள் மல்டிகாஸ்டை டி.டி.எல். 1 என்று அனுப்பும். முதல் ரௌட்டரிலேயே ஆயுள் முடிந்துவிடும். அனுப்பும் மென்பொருளில் அந்த எண்ணைக் கூட்டுங்கள். ரௌட்டரில் தேடிப் பயனில்லை.

ஜொகூரில் இதற்கு என்ன வேலை?

சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தது. அந்தத் தேவை காஸ்வேயைத் தாண்டி ஜொகூருக்கு வந்தது. செடெனாக், நூசாஜெயா, கூலாய் என்று நம் பழைய செம்பனைத் தோட்டப் பக்கங்களில் தரவு மையங்கள் எழுகின்றன. கூலாயில் உள்ள ஒய்.டி.எல். வளாகத்தில் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பு அமைக்கப்படும் என்று 2023 டிசம்பரில் என்விடியாவோடு சேர்ந்து அறிவித்தார்கள்.

தரவு மையத்தில் எங்கும் மல்டிகாஸ்ட் ஓடுகிறது என்று சொல்லமாட்டேன். பல இடங்களில் அதைத் தவிர்த்தே வடிவமைக்கிறார்கள். ஆனால் ஏன் தவிர்த்தார்கள் என்று விளக்கவும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். மையத்துக்கு வெளியே தொழிற்சாலை, துறைமுகம், மருத்துவமனை, கண்காணிப்புக் கேமரா, தொலைக்காட்சி என்று இது ஓடும் இடங்கள் ஜொகூரில் ஏராளம். தொடக்கநிலைச் சி.சி.என்.ஏ. படிப்பில் இது அதிகம் வருவதில்லை. அடுத்த நிலையில்தான் வருகிறது. அதனால் சான்றிதழ் வைத்திருக்கும் பலருக்கும் இந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும். கற்றுக்கொள்ள விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மடிக்கணினியில் பாவனை ரௌட்டர்கள் மூன்றை இயக்கி, வி.எல்.சி. மென்பொருளால் ஒரு படத்தை 239ஆம் முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு வார இறுதி போதும்.

பழுது பார்க்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பலர் அனுப்பும் பக்கத்திலிருந்து தொடங்கி நாள் முழுவதும் அலைவார்கள். கேட்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். திரை கேட்டதா? 'ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ்' காட்டும். அந்தச் சொல் அடுத்த ரௌட்டருக்குப் போனதா? 'ஷோ ஐபி பிம் நெய்பர்', 'ஷோ ஐபி எம்ரௌட்' காட்டும். ஒவ்வொரு படியாக மூலத்தை நோக்கி ஏறுங்கள். கோரிக்கை எந்த இடத்தில் நின்றதோ, பழுது அந்த இடத்தில் இருக்கும்.